உவர், களர், ஷூரா: மெசபடோமிய மண் பற்றி ஒரு குறிப்பு

சுமேரியர்கள் பாசனம் செய்து செய்தே நிலத்தை உப்பாக்கிக்கொண்டார்கள், அதனாலேயே அழிந்தார்கள் என்ற வரியை நீங்கள் எங்காவது படித்திருப்பீர்கள். சுற்றுச்சூழல் பற்றிய கட்டுரைகளிலும் வரலாற்று யூடியூப் சேனல்களிலும் தவறாமல் வரும். கதை நேர்த்தியானது, நீதியும் கையோடு இருக்கிறது. ஆனா அதைச் சொல்கிறவர்களில் பலர் அந்த மண் எப்படிப்பட்டது என்று சொல்வதில்லை. மண்ணைப் புரிந்துகொண்டால் கதை கொஞ்சம் மாறுகிறது. எப்படி மாறுகிறது என்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் மண், அப்புறம் ஒரு சின்னக் கணக்கு, கடைசியாக வரலாறு என்ற வரிசையில் போகலாம்.

தட்டு மாதிரி ஒரு சமவெளி

தெற்கு ஈராக் என்பது டைக்ரிஸ், யூப்ரடீஸ் என்ற இரண்டு ஆறுகளும் கொண்டுவந்து கொட்டிய வண்டல். பாக்தாத் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 34 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பாரசீக வளைகுடா 500 கிலோமீட்டருக்கும் மேல். வகுத்துப் பாருங்கள்: ஒரு கிலோமீட்டருக்கு ஏழு சென்டிமீட்டர் கூட சரிவு இல்லை. தண்ணீர் வந்து சேரும், ஆனால் கிளம்பிப் போக அதற்கு அவசரமே இல்லை.

மழை ஆண்டுக்கு 100 முதல் 150 மில்லிமீட்டர். (சென்னையில் 1400 மில்லிமீட்டர்.) வெயிலும் காற்றும் குடிக்கக் காத்திருக்கும் அளவோ 2000 மில்லிமீட்டருக்கு மேல். ஆகவே மேலிருந்து கீழே உப்பைக் கழுவிக்கொண்டு போக மழை கிடையாது. கீழிருந்து மேலே இழுக்க வெயில் தாராளமாக உண்டு.

சமவெளி முழுக்க ஒரே மாதிரியும் இல்லை. வெள்ளம் கரையை மீறும்போது கனமான மணலையும் வண்டலையும் கரையோரத்திலேயே போட்டுவிடும். நுண்ணிய களிமண் மட்டும் தண்ணீரோடு தூரம் போய், தாழ்வான இடங்களில் படியும். இப்படிப் பல நூற்றாண்டு நடந்ததில் ஆற்றங்கரை சுற்றுப்புறத்தைவிட இரண்டு மூன்று மீட்டர் உயர்ந்து நிற்கிறது. அந்த மேட்டில் வடிகால் நன்றாக இருக்கும், உப்பு குறைவு. பேரீச்சந் தோப்புகள் அங்கேதான். ஆற்றிலிருந்து தள்ளியிருக்கும் தாழ்வான பகுதியில் களிமண், தேங்கிய நீர், உப்பு. ஒரே கிராமத்தில் ஒருவர் நிலம் பொன், இன்னொருவர் நிலம் பாழ் என்று இருப்பதற்கு இந்தச் சில அடி உயர வித்தியாசம் போதும்.

உவர் வேறு, களர் வேறு

நம் பேச்சில் இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். ஆனா இரண்டும் இரண்டு வியாதி, மருந்தும் வேறு.

உவர் நிலம் என்றால் மண்ணில் கரையக்கூடிய உப்பு அதிகம். மண்ணை நீரில் குழைத்து, அதில் வடியும் நீரின் மின்கடத்துத்திறனை அளப்பார்கள். அலகு டெசிசீமன்ஸ். 4 தாண்டினால் உவர் மண். கடல்நீர் 50-க்கு மேல். தெற்கு ஈராக்கின் மோசமான நிலங்களில் கடல்நீரைத் தாண்டிய எண்களும் வரும்.

இந்த உப்பு பயிரை எப்படிக் கொல்கிறது? மாவடுவில் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால் மறுநாள் நீர் விட்டுச் சுருங்கியிருக்கும் இல்லையா, அதே கதைதான். வேருக்கு வெளியே உப்பு அதிகமானால், வேர் நீரை உறிஞ்சவே திணறும். வயலில் ஈரம் இருக்கும், பயிர் தாகத்தில் வாடும்.

களர் நிலத்தின் பிரச்சினை வேறு. அங்கே சோடியம், களிமண் துகள்களோடு ஒட்டிக்கொண்டுவிடுகிறது. கலங்கல் தண்ணீரில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டால் துகள்கள் ஒன்றுசேர்ந்து அடியில் படிந்துவிடும். மண்ணுக்குள் கால்சியம் ஏறக்குறைய அந்த வேலையைச் செய்கிறது. துகள்களைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்து, நடுவில் காற்றும் நீரும் போக வழி வைக்கிறது. சோடியம் இதற்கு நேர் எதிர். துகள்களைத் தனித்தனியாகப் பிரித்துவிடுகிறது. பிரிந்த துகள்கள் துளைகளை அடைத்துக்கொள்ளும். நனைந்தால் சேறு, காய்ந்தால் கல். மேலே தண்ணீர் நிற்கும், அரை அடிக்குக் கீழே வறண்டு கிடக்கும். களிமண் பிடித்து வைத்திருக்கும் நேர்மின் அயனிகளில் 15 சதவீதத்துக்கு மேல் சோடியம் என்றால் களர் என்பது பொதுவான வரையறை. கார அளவான பிஎச் பெரும்பாலும் 8.5-ஐத் தாண்டும், ஏன்னா அங்கே சோடியம் கார்பனேட் இருக்கும். நம் ஊரில் சலவைத் தொழிலாளிகள் துணி வெளுக்க ஒரு மண்ணை எடுத்தார்களே, அது வேலை செய்ததும் இந்தக் காரத்தால்தான். பேரில் மட்டும் அது உவர்மண்!

மெசபடோமிய மண் இந்த இரண்டில் எது? உப்பு நிறைய, காரமும் உண்டு. ஆனால் காரம் மிதமானது. அந்த மண்ணில் சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட், 20 முதல் 30 சதவீதம் வரை இருக்கிறது. வடக்கே ஆறுகள் சுண்ணாம்புக்கல் மலைகளையும் ஜிப்சம் படிவங்களையும் அரித்துக்கொண்டு வருகின்றன. சுண்ணாம்பு இருக்கும் மண்ணில் பிஎச் எட்டைச் சுற்றியே நிற்கும், 8.4-ஐத் தாண்டுவது அரிது. இதனால் இரும்பு, துத்தநாகம், பாஸ்பரஸ் போன்றவை மண்ணில் இருந்தும் பயிருக்கு எளிதில் எட்டாது. அது ஒரு தொல்லை. ஆனால் பெரிய தொல்லை ஒன்றிலிருந்து அதே சுண்ணாம்பும், அதைவிட முக்கியமாக ஜிப்சமும் காப்பாற்றுகின்றன.

அது இதுதான். உப்பு நிறைய இருக்கும்வரை களிமண் துகள்கள் கொத்தாகவே இருக்கும். நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவினால் சோடியம் மட்டும் துகளோடு தங்கி, உவர் நிலம் களராக மாறிவிடலாம். நோயாளியைக் குளிப்பாட்டப் போய் ஜன்னி வந்த மாதிரி. உலகில் பல இடங்களில் இதற்காகவே மூட்டை மூட்டையாக ஜிப்சம் வாங்கிப் போடுகிறார்கள். தெற்கு ஈராக்கின் பெரும்பகுதியில் அந்த ஜிப்சம் ஏற்கெனவே மண்ணிலேயே இருக்கிறது. உப்பு கரையக் கரைய ஜிப்சமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, சோடியம் விட்ட இடத்தில் கால்சியத்தைக் கொண்டுபோய் வைக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால், இது கழுவினால் திரும்பக்கூடிய மண். இந்த ஒரு குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஷூராவும் ஸபாக்கும்

ஈராக் விவசாயிகள் உப்பு மண்ணுக்கு இரண்டு பெயர் வைத்திருக்கிறார்கள். டச்சு மண்ணியலாளர் புரிங் 1960-ல் ஈராக் மண்வகைகள் பற்றி எழுதிய நூலில் இரண்டையும் விவரிக்கிறார்.

ஷூரா என்பது கண்ணுக்கு உடனே தெரியும் உப்பு. மேலே வெள்ளைப் பொருக்கு. பெரும்பாலும் சாதாரண உப்பும் சோடியம் சல்பேட்டும்.

ஸபாக் ஏமாற்றுக்காரன். பொருக்கு இருக்காது. கறுப்பாக, ஈரமாக, பார்க்க வளமான மண் போலவே இருக்கும். அதில் இருப்பவை கால்சியம் குளோரைடும் மெக்னீசியம் குளோரைடும். இவை காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் உப்புகள். மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்களே, அதுவும் மெக்னீசியம் குளோரைடின் வேலைதான். காலை நேரத்தில் ஸபாக் நிலம் யாரோ ராத்திரி தண்ணீர் பாய்ச்சியது போல நனைந்து கிடக்கும். பயிருக்கு அதில் ஒரு சொட்டும் உதவாது.

ஒரு மெமரி லீக்

நான் மென்பொருள்காரன். ஒரு சர்வீஸ் ஒவ்வொரு கோரிக்கைக்கும் சில பைட் நினைவகத்தைத் திருப்பித் தராமல் விட்டால் முதல் நாள் எதுவும் தெரியாது, முதல் வாரமும் தெரியாது. ஒருநாள் அதிகாலை மூன்று மணிக்கு விழுந்துவிடும். பாசன நிலத்தில் உப்பு சேர்வதும் இதே தினுசுதான். என்ன வேகத்தில் சேரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நல்ல ஆற்று நீர் என்றே வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 300 மில்லிகிராம் உப்பு. குடித்தால் உப்பு தெரியாது. ஆண்டுக்கு ஒரு மீட்டர் உயரம் தண்ணீர் பாய்ச்சுகிறோம். ஒரு ஹெக்டேருக்கு அது 10,000 கன மீட்டர். அதில் வரும் உப்பு 3 டன். பயிர் தண்ணீரைக் குடித்து ஆவியாக விடும், உப்பை அநேகமாகத் தொடாது. எனவே கழுவி வெளியேற்றாவிட்டால் ஆண்டுக்கு மூன்று டன் அங்கேயே தங்கும்.

ஒரு மீட்டர் ஆழ மண் ஹெக்டேருக்குச் சுமார் 14,000 டன். மேலே சொன்னபடி நீரில் குழைத்தால் அதில் ஏறக்குறைய 7,000 கன மீட்டர் நீர் நிற்கும். பத்து ஆண்டில் சேரும் 30 டன் உப்பு இந்த நீரில் கரைந்தால் லிட்டருக்கு நாலு கிராமுக்குக் கொஞ்சம் மேல். மின்கடத்துத்திறனில் 6 முதல் 7 டெசிசீமன்ஸ்.

பயிர்கள் எவ்வளவு தாங்கும் என்று மாஸ், ஹாஃப்மன் இருவரும் 1977-ல் தொகுத்த அட்டவணை இன்றும் பயன்படுகிறது. அதன்படி அவரை இனங்களில் பீன்ஸ் 1 டெசிசீமன்ஸிலேயே சோர ஆரம்பிக்கும். கோதுமை 6 வரை தாங்கும், பார்லி 8 வரை. விளைச்சல் பாதியாவது கோதுமைக்கு 13-ல், பார்லிக்கு 18-ல். பேரீச்சை 4-லேயே குறையத் தொடங்கினாலும் மெதுவாகத்தான் குறையும். அதற்கும் பாதியாக 18 ஆக வேண்டும்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கழுவாமல் விட்டால் பத்தாவது ஆண்டுக்குள் கோதுமை சோரும். பன்னிரண்டாவது ஆண்டு பார்லியும் சோரும். 27 ஆண்டில் பார்லி பாதி. வரும் உப்பில் பாதி சுண்ணாம்பாகவும் ஜிப்சமாகவும் படிந்து பயிரைத் தொந்தரவு செய்யாமல் இருந்துவிடும் என்று தாராளமாக விட்டுக்கொடுத்தாலும் 54 ஆண்டு. அப்பா உழுத நிலத்தை மகனே கைவிட வேண்டியதுதான்.

ஆனால் தெற்கு மெசபடோமியாவில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பாசன விவசாயம் நடந்திருக்கிறது! அப்படியென்றால் லீக் இருந்தது, யாரோ அதை விடாமல் சுத்தமும் செய்துகொண்டிருந்தார்கள். எப்படி?

உண்மையான வில்லன் கீழே இருக்கிறான்

அதற்கு முன்னால் இன்னொரு கணக்கு. மேலே சொன்னது ஆற்றிலிருந்து வரும் உப்பு. நிலத்தடியில் ஏற்கெனவே இருப்பது அதைவிடப் பெரிது.

விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, மண்ணின் நுண்துளைகளில் நீர் மேலே ஏறும். மணலில் சீக்கிரம் ஏறும், உயரம் போகாது. களிமண்ணில் உயரம் போகும், ரொம்ப மெதுவாக. இரண்டுக்கும் நடுவில் உள்ள வண்டல் மண்தான் திரிகளில் சிறந்த திரி. வெள்ளச் சமவெளி முழுக்க இருப்பது அதுதான். நிலத்தடி நீர் இரண்டு மீட்டருக்குள் வந்துவிட்டால், திரி பற்றிக்கொண்டது என்று அர்த்தம்.

லிட்டருக்கு 10 கிராம் உப்புள்ள நிலத்தடி நீர், நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் கோடையில் 100 நாள் ஏறி ஆவியானால், ஹெக்டேருக்கு 10 டன் உப்பு. ஆற்று நீர் மூன்று ஆண்டில் கொண்டுவருவதை ஒரே கோடை மேலே தள்ளிவிடுகிறது, அதுவும் விதை போடும் மேல்மண்ணுக்கே.

ஆக, அந்த ஊர் விவசாயி கவனிக்க வேண்டிய முதல் எண் உப்பின் அளவு அல்ல, நிலத்தடி நீரின் ஆழம். அதிகமாகப் பாய்ச்சினால், வாய்க்கால் கசிந்தால், பக்கத்து வயல்காரர் அளவில்லாமல் விட்டால், அது மேலே வரும்.

நைல் நதிக்கு இந்த விஷயத்தில் அதிர்ஷ்டம் உண்டு. அங்கே வெள்ளம் கோடையின் கடைசியில், விதைப்புக்கு முன்னால் வந்து, நிலத்தை மூழ்கடித்து, உப்பைக் கழுவிவிட்டு வடிந்துவிடும். டைக்ரிஸும் யூப்ரடீஸும் பெருகுவது ஏப்ரல், மே மாதங்களில். பார்லி அறுவடைக்கு நிற்கும் நேரம் அது. இயற்கை தானாக வந்து கழுவித் தரவில்லை, மனிதர்களே செய்ய வேண்டியிருந்தது.

முள்செடி செய்த வடிகால்

அவர்கள் செய்தது, ஒரு பருவம் பயிர், ஒரு பருவம் தரிசு. வேலையில்லாமல் கிடக்கும் தரிசு என்று நினைக்காதீர்கள். அந்த நிலத்தில் ஷோக், அகூல் என்று இரண்டு முள்செடிகள் தாமாகவே முளைக்கும். ஷோக் நம் சீமைக்கருவேலத்தின் சொந்தக்காரன், அதே புரோசோபிஸ் பேரினம். அகூல் ஒட்டகங்கள் விரும்பித் தின்னும் முள். இரண்டின் வேர்களும் ஆழமாகப் போய் அடிமண்ணின் நீரைக் குடித்துத் தீர்க்கும். நிலத்தடி நீர் இறங்கும். அடிமண் வறண்டதும் திரி அறுந்துபோகும். அடுத்த முறை தண்ணீர் பாய்ச்சும்போது மேல்மண்ணின் உப்பு அந்த வறண்ட அடுக்குக்குள் இறங்கிவிடும். இரண்டும் அவரைக் குடும்பம் என்பதால் நைட்ரஜனும் மண்ணில் சேரும். சீமைக்கருவேலம் நிலத்தடி நீரைக் குடித்துவிடுகிறது என்று நாம் திட்டும் அதே குணம் அங்கே வரம்.

ஈராக் கிராமங்கள் 20-ஆம் நூற்றாண்டிலும் இதைச் செய்துகொண்டிருந்தன. மெக்வயர் கிப்சன் என்ற தொல்லியலாளர் 1974-ல் எழுதிய கட்டுரையில் இதிலிருந்து ஒரு வாதத்தை எடுத்துவைத்தார். விவசாயிக்குத் தரிசின் அருமை தெரியும். ஆனால் வரியும் தானியமும் கேட்கும் அரசு வலுவாகும்போது தரிசு போடும் வழக்கம் உடைகிறது. எல்லா நிலத்திலும் எல்லாப் பருவமும் பயிர், அதற்குப் புதுக் கால்வாய், அதன் கசிவில் ஏறும் நிலத்தடி நீர். சில தலைமுறை பெருவிளைச்சல், பிறகு சரிவு.

அப்படியானால் சுமேர்?

பிரபலமான கதையின் வேர் 1958-ல் ஜேக்கப்சனும் ராபர்ட் ஆடம்ஸும் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரை. பெரும்பாலும் களிமண் பலகைகளிலிருந்து அவர்கள் தொகுத்த எண்கள் இவை. கி.மு. 3500 வாக்கில் தெற்கில் கோதுமையும் பார்லியும் ஏறக்குறைய சமம். கி.மு. 2400 வாக்கில் கிர்சு பகுதியில் கோதுமை ஆறில் ஒரு பங்கு. கி.மு. 2100-ல் இரண்டு சதவீதம். கி.மு. 1700-க்குள் தெற்கில் கோதுமையே இல்லை. விளைச்சலும் ஹெக்டேருக்கு 2537 லிட்டரிலிருந்து 1460-க்கும், பிறகு 897-க்கும் இறங்குகிறது. உம்மா நகரத்தோடு எல்லைத் தகராறு முற்றியதால், லகாஷ் அரசன் என்டெமெனா டைக்ரிஸிலிருந்து வெட்டிய பெரிய கால்வாயை அவர்கள் திருப்புமுனையாகக் காட்டினார்கள். தேவைக்கு மேல் தண்ணீர், ஏறிய நிலத்தடி நீர்.

1985-ல் மார்வின் பவெல் இதைக் கடுமையாக மறுத்தார். பலகைகளில் உள்ள அளவைகளையும் விளைச்சலையும் வாசித்த விதமே சரியில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

கியூனிபார்ம் வாசிக்கத் தெரியாத நான் அதில் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் மண்ணின் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லலாம். கழுவாத நிலத்தில் கோதுமை சோர்வதற்கும் பார்லி சோர்வதற்கும் நடுவே இருப்பது இரண்டு மூன்று ஆண்டு இடைவெளிதான். 700 ஆண்டுகள் ஒரே சீராக, மெல்ல மெல்ல உப்பேறிய நிலம் என்ற சித்திரம் இந்தக் கணக்கோடு பொருந்தவில்லை. சில இடங்களில் சீக்கிரம் கெட்டு, கைவிடப்பட்டு, திரும்பவும் தேறி, வேறு இடத்தில் கெட்டு என்ற ஏற்ற இறக்கமே அதிகம் பொருந்துகிறது. அப்போது கோதுமையின் சரிவு, உப்பு எவ்வளவு ஏறியது என்பதைவிட, விவசாயி எவ்வளவு பயந்தான் என்பதைக் காட்டும் கோடாக இருக்கலாம். எந்த வயல் எப்போது கெடும் என்று தெரியாத இடத்தில் தாங்கும் பயிரைத்தானே போடுவான்? பார்லி தண்ணீரும் குறைவாகக் கேட்கும், சீக்கிரமும் விளையும்.

உப்பு அங்கே பிரச்சினையே இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. நிலத்தில் உப்புப் பூப்பது அவர்களுடைய அத்ரஹாசிஸ் காவியத்தில் கடவுளின் தண்டனைகளில் ஒன்றாகவே வருகிறது.

பொருக்கைச் சுரண்டியவர்கள்

மண்ணை மீட்க முடியும் என்றால், யார் மீட்பது, யார் செலவில் என்ற கேள்வி வரும். அதற்கு வரலாறு தந்த ஒரு பதில் கொடூரமானது. அப்பாஸியக் கலீபாக்கள் காலத்தில் பஸ்ரா பக்கத்து உப்பு நிலங்களை விளைநிலமாக்க, கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த அடிமைகளை இறக்கினார்கள். மேல்பொருக்கைச் சுரண்டிக் குவித்து, அடியில் உள்ள நல்ல மண்ணை வெளிக்கொணர்வது அவர்கள் வேலை. அந்தக் கூட்டங்களை வரலாற்றாசிரியர் அல்-தபரி ஷூரஜிகள் என்ற பெயரால் குறிக்கிறார். மேலே பார்த்த ஷூராதான். 869-ல் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 871-ல் பஸ்ராவைப் பிடித்தார்கள். அடக்க 883 வரை ஆனது. ஸன்ஜ் கிளர்ச்சி என்று இதற்குப் பெயர்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. பொருக்கைச் சுரண்டுவது மண்ணியல்படி நிலையான தீர்வே இல்லை. நிலத்தடி நீர் இறங்காதவரை அடுத்த கோடையில் பொருக்கு திரும்ப வரும். அத்தனை உயிர்களை வதைத்துச் செய்த வேலை, திரியை அறுக்காமல் கரியை மட்டும் துடைத்தது.

திரியை அறுக்கும் முயற்சி நம் காலத்தில்தான் பெரிய அளவில் நடந்தது. டைக்ரிஸுக்கும் யூப்ரடீஸுக்கும் நடுவே 565 கிலோமீட்டர் நீள வடிகால் கால்வாய். 1953-ல் தொடங்கி 1992-ல் முடித்தார்கள். மூன்றாவது ஆறு என்றே அதற்குப் பெயர். வயல்களிலிருந்து வடியும் உப்பு நீரைக் கடலுக்குக் கொண்டுபோவதுதான் அதன் வேலை. ஒரு மீட்டர் மண்ணைக் கழுவ ஒரு மீட்டர் நீர் விட்டால் ஏறக்குறைய 80 சதவீத உப்பு போய்விடும் என்பது மண்ணியலில் பழகிய விதி. ஆனால் கழுவிய நீர் போக வழி வேண்டும். கிலோமீட்டருக்கு ஏழு சென்டிமீட்டர் கூட சரியாத நாட்டில் அந்த வழியைத் தனி விவசாயி வெட்ட முடியாது. பக்கத்து ஊரும் அடுத்த மாவட்டமும் சேர்ந்தால்தான் முடியும். கழுவத் தேவையான நல்ல தண்ணீரும் மேலேயுள்ள நாடுகளின் அணைகளைத் தாண்டி வந்தாக வேண்டும்.

ஆகவே அடுத்த முறை யாராவது உப்பால் அழிந்த நாகரிகம் என்று சொன்னால், ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: அந்த வருஷம் நிலத்தடி நீர் எத்தனை அடியில் இருந்தது, தரிசை நிறுத்தச் சொன்னது யார்? மண் தன் பங்குக்கு ஜிப்சத்தையும் முள்செடியையும் தயாராக வைத்திருந்தது. விட்டுப்போனது வடிகால்.